அண்ணியின் இரண்டாவது பிரேக்

நாத்தனாரைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அவள் கார் வாங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினால் நல்லதும் வந்துதான் தீரும். போனால் போகிறது, வரட்டும்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா, அதனால் எனக்கு அண்ணி. கீழ்வீட்டில் அவளும் அவள் கணவரும், மாடியில் நாங்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அண்ணியின் வேலை. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால், கற்றுக்கொடுக்கிறவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அண்ணி அதை மிதிக்கிற மிதியில் உள்ளே இருப்பவருக்குக் குலை நடுங்கும். ஊரில் அவளுக்கு முகத்துக்கு முன்னால் 'மேடம்' என்று பேர், முதுகுக்குப் பின்னால் 'பிரேக் அக்கா'. இரண்டாவது பேர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே தெரியும். வைத்தவன் யார் என்பதும் தெரியும். அவனை லைசென்ஸ் தேர்வுக்கு அனுப்பாமல் கூடுதலாக ஒரு மாதம் பின்னால் எடு, முன்னால் எடு என்று அலைக்கழித்தாள்.

நானும் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். வீட்டுப் பெண்ணாயிற்றே என்று ஒரு திட்டுகூடக் குறையவில்லை. "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான்? நீ தலை வாரிக்கவா?" என்பாள். இன்றைக்கும் தனியாக ஓட்டும்போது அந்தக் குரல் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்கிறது. சண்டை போட்டுக்கொண்ட நாட்களிலும் கேட்கிறது, அதுதான் எரிச்சல்.

அவள் கணவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பல்செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு வீட்டின் பின்னறையில் உட்கார்ந்திருப்பார். ஜன்னலோரம் ஒரு நீளமான மேசை, அதன்மேல் மெழுகு, பிளாஸ்டர், ஒரு சின்ன மோட்டார், வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் வாய்கள். ஈறுக்கு ஊற்றும் ரோஸ் நிற அக்ரிலிக்கின் வாடை மாடிவரை வரும். அதிர்ந்து பேசமாட்டார். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று ஆளுக்கொன்று சொல்லி வரவேற்றார்கள். அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பல் ஒண்ணு எடுத்திருக்கியாம்மா?" என்று கேட்டார்.

ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளின் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அண்ணி அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள். ஏதோ ஒரு நாள், பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு அம்மாள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். அந்தப் பல் அண்ணன் செய்தது. தன் கைவேலை வெயிலில் மின்னுவதை அவர் பார்த்துக்கொண்டே இருக்க, வண்டி நேராக ஒரு தள்ளுவண்டியை நோக்கிப் போயிருக்கிறது. அண்ணி மிதித்தாள் பாருங்கள் ஒரு மிதி, வண்டி நின்றுவிட்டது, அண்ணன் நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் வாய் இடித்து முன்பல் பாதி உடைந்துபோனது. உடைந்த துண்டைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பரவால்ல, வேற பண்ணிக்கலாம்" என்றாராம். வேறு பல் பண்ணிக்கொண்டார். அண்ணி அன்றைக்கு அழுத அழுகையில், இனி அவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று முடிவாகிவிட்டது. இருவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பயிற்சிப் பள்ளி வேலையை விடும் காலம் வந்தபோது அண்ணி ஒரு நாள் மாடிக்கு வந்து, "கார் வாங்கப் போறேன்" என்றாள்.

"இத்தனை வருஷம் கார்லயேதான இருந்தீங்க அண்ணி, இன்னும் அலுக்கலையா?"

"அது ஊராங்க வண்டி. கியரைக் கடிச்சுக் குதறி வச்சிருப்பானுங்க. எனக்குன்னு ஒண்ணு வேணும். சின்னதா. நான் மட்டும் ஓட்டுற மாதிரி."

ஷோரூமுக்கு மூவருமாகப் போனோம். விற்பனைப் பையன் எங்களைப் பெரிய கார் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தான். அண்ணி நகரவில்லை. "பெரிய கார் வச்சிருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு வண்டி எங்க முடியுதுன்னே தெரியாதுப்பா. எங்க சந்துல ஒரே திருப்புல திரும்பணும், அந்தக் குட்டியைக் காட்டு" என்றாள். அவன் குட்டிக் காரின் கதவைத் திறந்து திரை இருக்கு, பாட்டு இருக்கு, பின்னால் கேமரா இருக்கு என்று ஒப்பிக்கத் தொடங்கினான். அண்ணி அதற்குள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, காலை நீட்டித் துழாவினாள். முகம் மாறியது.

"பிரேக் எங்கப்பா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "மேடம், அது வந்து… ஓட்டுறவங்க பக்கத்துல இருக்கும்" என்றான், நோயாளியிடம் பேசுவதுபோல.

"தெரியும்" என்று சிடுசிடுத்துவிட்டு இறங்கி மறுபக்கம் போனாள்.

நிறம் விஷயத்தில் மட்டும் அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணிக்கு வெள்ளை பிடித்திருந்தது. பையனும் முத்து வெள்ளை என்று ஏதோ சொன்னான். அண்ணன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, விரலால் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளை இல்லம்மா. உள்ளுக்குள்ள மஞ்சள் ஓடுது. சிகரெட் பிடிக்கிறவர் கடைவாய் மாதிரி இருக்கு" என்றார். அதற்குமேல் எந்தப் பெண்பிள்ளைக்கு அந்தக் காரில் ஏற மனசு வரும்? நீலத்தில் எடுத்தோம்.

கார் வந்த மறுநாள் காலை நான் படியில் நின்று பார்த்தேன். அண்ணி குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, சாவியோடு வந்தாள். கதவைத் திறந்து ஏறினாள். பெல்ட் போட்டாள். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னடா இது, கிளப்பக் காணோமே என்று எட்டிப் பார்த்தால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டுகிற இருக்கை காலி. அந்தக் காலி இருக்கையைப் பார்த்து, "ம், கண்ணாடி பாத்தாச்சா?" என்று கேட்கவும் கேட்டுவிட்டாள். நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"என்னடி இளிப்பு? வந்து ஏறு" என்றாள். ஏறினேன். மறுபக்கம் போய் உட்கார்ந்து அவள் ஓட்டினாள் பாருங்கள், தண்ணீர் மாதிரி போயிற்று வண்டி. வாய் வலிக்கத் திட்டுகிறவளுக்கு இவ்வளவு மென்மையாக ஓட்ட வருமா என்று எனக்கு ஆச்சரியம். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் ஒரு சின்னப் பெண் தெரிந்தாள், பொய் சொல்லக்கூடாது.

அந்தக் காரை அவள் வைத்திருந்த அழகைத் தனியாகச் சொல்லவேண்டும். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசித்தாள். பானெட்டில் பூனை காலடி வைத்தால் பூனைக்கும் திட்டு, பூனைக்குச் சோறு போடும் எதிர்வீட்டுக்கும் திட்டு. டிக்கியில் நாலு பைக்கு மேல் கொள்ளாது. ஆனாலும் சாமான் வாங்கப் போனால், பையைக் கையில் வைத்துக்கொண்டு வரக்கூடாது, டிக்கியில்தான் வைக்கவேண்டும். சாவி மட்டும் யாருக்கும் கிடையாது. கூடப் பிறந்த தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், ஒரு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேலே வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் முழங்கால் மக்கர் செய்தது. இத்தனை வருஷம் ஊரானுக்காக பிரேக் மிதித்த வலது கால். படி இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான், அதற்குப் பிறகு சில மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அப்ப என் கார்?" என்று கேட்டாள் அண்ணி. காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எப்படி வருவது என்ற பேச்சு வந்தது. அன்றைக்குத் தனக்கு லீவு கிடைக்காது, வாடகைக் கார் என்றார் என் வீட்டுக்காரர். அண்ணி வாடகைக் காரில் போனால் ஓட்டுபவருக்குப் பாடம் நடத்துவாள். ஒரு தடவை ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, "அம்மா, நீங்களே நடந்து போயிடுங்க" என்று இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். சரி, என் பழைய காரில் நான் ஓட்டிக் கூட்டி வருகிறேன் என்றேன். "நீ தூணை இடிச்சதை நான் இன்னும் மறக்கல" என்றாள்.

அப்போதுதான் அண்ணன் சொன்னார்: "நான் ஓட்டுறேன்."

அண்ணி அவருடைய முன்பல்லைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவருடைய பின்னறைக்குப் போய், "எதுக்குண்ணா இந்த விஷப்பரீட்சை?" என்று கேட்டேன். கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து பாக்குறேன்மா. கார்ல ஏறினா அவ கண்ணு ரோட்டுலயே இருக்கும். பேசினா பதில் வராது, ஒரு நல்ல இடம் வந்தாக்கூட திரும்பிப் பாக்கமாட்டா. அடுத்தவங்க உயிரை மடியில வச்சுக்கிட்டே பழகிட்டா. ஒரு தடவையாவது நான் ஓட்டணும். அவ ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துக்கிட்டு வரணும். அவ்வளவுதான்."

கண் கலங்கியதை அக்ரிலிக் வாடையின் தலையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணனுக்கு நான் ஆசிரியை ஆனேன். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் முன்னால் பெரிய சிமெண்டுத் தரை உண்டு. என் பழைய காரில் அங்கே போவோம். பல்லுக்கு மினுக்குப் போடுகிற கை அல்லவா, கியர் மாற்றுவது தெரியாமல் மாற்றுவார். ஒரே குறை, ஆள் நடந்து வந்தால் வாயைப் பார்ப்பார். "அண்ணா, ரோடு!" என்று நான் கத்தக் கத்த, என் குரல் அச்சு அசல் அண்ணியின் குரலாக மாறிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரே ஒரு நாள் பயந்துபோனார். கடைசியில் அந்தப் பழக்கமும் அவரை விட்டுப் போனது. லைசென்ஸ் தேர்வு எடுத்த அதிகாரி, "பிரேக் அக்கா வீட்டுக்காரரா?" என்று கேட்டு மற்றவர்களைவிட அதிகமாகவே சோதித்தாராம். தேறிவிட்டார்.

அண்ணி சாவியைத் தந்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

அங்கேதான் எல்லாம் கெட்டது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு முக்கிலும், ஒவ்வொரு சைக்கிளுக்கும், அண்ணியின் கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. கால் போய் மோதினதும் வலி உயிர் போகும், வலி வந்ததும் கத்துவாள், கத்தினதும் அண்ணன் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார், பின்னால் வருகிறவன் ஹாரனை அலறவிடுவான். சில நாள் இப்படியே போயிற்று. புதுக் காரின் விரிப்பில் அவள் குதிகால் படுகிற இடம் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்தது. பயிற்சிப் பள்ளி மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரண்டாவது பிரேக் போடச் சொன்னாள். சொந்தக் காரில் அதெல்லாம் போட்டால் கம்பெனி உத்தரவாதம் போய்விடும் என்று அவர் மறுத்துவிட்டார்.

"வேணாம். நான் டாக்ஸியிலயே வந்துக்கறேன்" என்றாள் அண்ணி ஒரு நாள், இறங்கும்போது. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். அண்ணன் அந்தத் தேய்ந்த விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை ஓட்டிக் கூட்டிப் போகவேண்டும் என்ற அவர் ஆசை அன்றோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த இரண்டு மூன்று நாள் பின்னறை மோட்டார் ஓயவில்லை. யாருக்கோ அவசரமாகப் பல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு காலை அண்ணன் எங்களைக் காரருகே கூப்பிட்டு, பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தார்.

அங்கே ஒரு பிரேக் இருந்தது.

ஈறு நிற அக்ரிலிக்கில் செய்த ரோஸ் பிரேக். கால் வழுக்காமல் இருக்க மேலே கோடு கோடாகக் கீறியிருந்தார். கீழே ஒரு பலகை, ஒரு கீல், ஒரு ஸ்பிரிங். பலகையை விரிப்போடு இறுக்கியிருந்தார். அண்ணி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். மெதுவாக உள்ளே போய் 'டக்' என்றது. காலை எடுத்தாள், திரும்ப மேலே வந்தது.

"இது எதுல போய்ச் சேருது?" என்று கேட்டாள்.

"என் காதுல" என்றார் அண்ணன். "நீ மிதிச்சா சத்தம் கேக்கும். கேட்டா நான் நிறுத்திடுவேன்."

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அண்ணி சிரிக்காததைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"பல்லு போன வாய் சும்மா மென்னுகிட்டே இருக்கும்மா. ஒரு பல்லை வச்சுட்டா அடங்கிடும்" என்று என்னிடம் சொன்னார். அண்ணியைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

அன்றைக்குப் போனோம். டக் என்றால் வேகம் குறையும், டக் டக் என்றால் நிற்கும். முதலில் தெரு முழுக்க டக் டக் என்று போனோம். கால் மோதவில்லை, அதனால் வலி இல்லை, அதனால் கத்தலும் இல்லை. நாளாக ஆகச் சத்தம் குறைந்தது. அண்ணி மிதிக்க நினைப்பதற்குள் அவரே வேகத்தைக் குறைத்திருப்பார். அவள் கால் அந்த ரோஸ் பிரேக்கின்மேல் சும்மா இருக்கும். கண் மட்டும் ரோட்டைவிட்டு நகரவே இல்லை. அண்ணன் ஒன்றிரண்டு தடவை, "அந்தப் பக்கம் பாரேன்" என்றார். "நீங்க முன்னாடி பாருங்க" என்று பதில் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. அண்ணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வலது காலை மடக்கக்கூடாது. கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார அண்ணன் இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். அண்ணி உள்ளே பார்த்தாள். வலது காலுக்கு இருந்த இடத்தில் பிரேக் இல்லை, அங்கே ஒரு தலையணை. முகம் சுண்டிப்போயிற்று.

"எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல. இடது காலுக்கு மாத்தி வச்சிருக்கேன், பாரு."

ஓரத்தில் இருந்தது. அந்தக் காலின் அளவுக்கு மட்டமாக்கி, கொஞ்சம் சாய்த்து. அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அந்தக் கை தோளைவிட்டு எடுக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்ததை நான் பார்த்தேன்.

வாக்கர் அந்தக் கட்டைவிரல் அளவு டிக்கிக்குள் நுழையவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு, மருந்துப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பின்னிருக்கையில் மூட்டையோடு மூட்டையாக நான் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டக். அண்ணன் வேகத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சந்தை முக்கு வந்தது, எப்போதும் இரண்டு டக் வாங்கும் இடம். சத்தமில்லை. பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் குறுக்கே ஓடின, அண்ணன் நின்று போகவிட்டார். அப்போதும் இல்லை. வலி அதிகமாகிவிட்டதோ என்று பயந்து முன்னால் எட்டிப் பார்த்தேன்.

அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைப் பிளந்துகொண்டு, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, ஈ போனாலும் தெரியாத தூக்கம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தெரு வந்தது. அண்ணன் திரும்பவில்லை, நேராகப் போனார். "அண்ணா, வீடு…" என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தார். வாக்கரின் ஒரு கால் என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் என் துணி காய்ந்துகொண்டிருந்தது, வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. யாரிடம் சொல்ல? ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி எங்கள் தெருவைத் தாண்டி இரண்டாவது சுற்றும் போனோம்.

மூன்றாவது சுற்றில் வாக்கர் சரிந்து கதவில் இடித்தது. அண்ணி திடுக்கிட்டு விழித்தாள். விழித்ததும் இடது கால் தானாகப் போய் மிதித்தது. டக் டக். ரோட்டில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. அண்ணன் வண்டியை ஓரமாக, அலுங்காமல் நிறுத்தினார்.

"நான் தூங்கிட்டேனா?"

"ம்."

அவள் திகைப்போடு முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். "அப்ப ரோட்டை யாரு பாத்தா?"

"நான் பாத்துக்கிட்டேன்" என்றார் அண்ணன்.

அண்ணி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, இடது காலை அந்த ரோஸ் பிரேக்கிலிருந்து எடுத்து, தலையணைக்குப் பக்கத்தில் வசதியாக வைத்துக்கொண்டாள். "சரி, ஓட்டுங்க" என்றாள்.

வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முக்கு வீட்டைத் தாண்டும்போது கேட்டாள்:

"அவங்க வீட்டுக்கு எப்ப பச்சை பெயிண்ட் அடிச்சாங்க?"

"ரொம்ப வருஷமாவே பச்சைதாம்மா" என்றார் அண்ணன்.